நடுவில் ஒரு நாழிகை

சிதம்பரம் என்றதும் நடராஜர் நினைவுக்கு வருவார். கடலூர் என்றால் சமுத்திரமும் புயலும் நினைவுக்கு வரும். சிதம்பரத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் காட்டுமன்னார்கோயில் என்று ஓர் ஊர் வருகிறது. பக்கத்தில் கடல் மாதிரி விரிந்து கிடப்பது வீராணம் ஏரி. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு அந்த ஏரியை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவனை நாம் முதன்முதலில் சந்திப்பதே அதன் கரையில்தானே?

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நல்ல காரியம் ஓசைப்படாமல் நடந்தது. வீராதி வீரர்கள் யாரும் வரவில்லை, வாள் சுழலவில்லை. ஒரு கட்டிடம், சில பெட்டிகள், சில பூட்டுகள், அவ்வளவுதான். ஆனால் அதைப் பற்றி உலகத்து டாக்டர்கள் எல்லாம் பேசுகிறார்கள். நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் அதைப் பற்றி அநேகமாகத் தெரியாது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விஷயம் கொஞ்சம் கனமானது. தற்கொலையைத் தடுப்பதைப் பற்றியது. "நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பேசாமல் இருப்பதால் வருகிற கஷ்டம் எப்பேர்ப்பட்டது என்பதை எங்கள் குடும்பம் நன்றாக அனுபவித்திருக்கிறது.

என் ஒரே அண்ணன் சிதம்பரத்துக்கு அருகே கிராமத்தில் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிறது, ஒரு நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எப்படி, எங்கே என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அந்த விவரத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மனசு நொந்திருப்பவர்களுக்குக் கெடுதலும்கூட. பத்திரிகைகள் இம்மாதிரிச் செய்திகளில் முறையை விவரிக்கக் கூடாது, பெரிய எழுத்தில் தலைப்புப் போடக் கூடாது என்று 2019ஆம் வருஷம் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலே சொல்லியிருக்கிறது.

அப்போது அண்ணிக்கு வயது இருபத்தொன்பது. மடியில் ஆறு வயதுப் பெண் குழந்தை. போலீஸ் வந்து போயிற்று. அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, "வெளியூர் ஜனங்கள் கேட்டால் மாரடைப்பு என்று சொல்லிவிடுங்கள்" என்று தீர்மானித்தார்கள். குடும்ப கௌரவம் போய்விடுமாம். நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாதாம். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம் அது! கிணற்றடியில் நாலு பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணி குடத்தோடு வந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். "அவள் என்ன சொன்னாளோ, அவன் இப்படிச் செய்துவிட்டான்" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு. மாரடைப்பில் போனவரின் மனைவியிடம் எல்லாரும் உட்கார்ந்து அழுவார்கள். இப்படிப் போனவரின் மனைவியிடம் துக்கம் கேட்கக்கூட ஆளில்லை.

ஒரே ஒரு கிழவி மட்டும் வந்தாள். அடுத்த தெருவில் பூக் கட்டிப் பிழைப்பவள். சாயங்காலம் ஆனால் அரும்புக் கூடையோடு வந்து திண்ணையில் உட்காருவாள். ஆறுதல் வார்த்தை, தத்துவம், தலைவிதி ஒன்றும் கிடையாது. நாரை எடுத்து அண்ணி கையில் ஒரு முனையைக் கொடுப்பாள். இரண்டு பேரும் பூக் கட்டுவார்கள். நடுவில், "உன் வீட்டுக்காரருக்கு முல்லை வாசனைன்னா உசிராச்சே!" என்பாள். அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசியவள் அவள் ஒருத்திதான். "அந்தக் கிழவி வராமல் இருந்திருந்தால் நானும் இந்நேரம் இருந்திருக்க மாட்டேன்" என்று அண்ணி பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்கள்.

இப்படி உற்றாரை இழந்தவர்களுக்கு மற்றவர்களைவிட மனச்சுமை அதிகம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். 'நான் அன்றைக்கு அப்படிச் சொல்லாதிருந்தால்?' 'ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால்?' என்று கேள்விகள் ஓயாது. அவர்களையும் ஒரு நோயாளியைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூக்காரக் கிழவி எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. ஆனால் செய்ய வேண்டிய காரியம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மடியில் இருந்த அந்தக் குழந்தை இன்று நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறாள். போன வருஷம் பொங்கலுக்குப் போயிருந்தபோது அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "அத்தை! நம்ம காட்டுமன்னார்கோயில் பக்கத்துலே நடந்த ஆராய்ச்சியைப் பத்தி எங்களுக்குப் பாடமே எடுத்தாங்க, தெரியுமா?" என்றாள். நான் அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்துத் தெரிந்துகொண்டதை அப்படியே தருகிறேன்.

சென்னையில் 'ஸ்நேகா' என்று ஒரு தொண்டு ஸ்தாபனம் உண்டு. மனநல வைத்தியரான டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. மனம் உடைந்தவர்கள் யாராயிருந்தாலும் அங்கே போன் செய்து பேசலாம். அந்த டாக்டரம்மாளும் சகாக்களும் யோசித்தார்கள். கிராமங்களில் விபரீதம் நடப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. ஆகவே அந்த மருந்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய்விட்டால் என்ன?

பூச்சாகுபடி நடக்கிற எட்டுக் கிராமங்களைக் குறித்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இரண்டு கிராமங்களுக்குப் பொதுச் சேமிப்புக் கிடங்கு. வேறு இரண்டு கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கிடங்கு கிடைத்த கிராமங்களில் 1,097 வீடுகள், 4,446 பேர். ஊர் ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு கிடங்கைக் கட்டி, உள்ளே பூட்டுப் போட்ட பெட்டிகளை வைத்தார்கள். பாங்கியில் நகைப் பெட்டகம் இருக்கிறதே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகை அல்ல, மருந்து டப்பா, அதுதான் வித்தியாசம். வயலுக்கு மருந்து அடிக்கவேண்டிய அன்று அங்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். "இது நல்ல ஏற்பாடு, மருந்து வீணாவதில்லை, கோபதாபத்தில் கைக்கு எட்டுவதும் இல்லை" என்று ஜனங்கள் சொன்னார்கள். கிடங்கு இருந்த ஊர்களில் தற்கொலைகளும் முயற்சிகளும், கிடங்கு இல்லாத ஊர்களைக் காட்டிலும் நன்றாகக் குறைந்திருந்தன. 2013இல் இந்த முடிவுகள் வெளியாயின. சிறிய முயற்சிதான், நாலு கிராமத்தை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்று ஆராய்ச்சி செய்தவர்களே அடக்கத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

"அப்படியானால் வீட்டுக்கு வீடு ஒரு பூட்டுப் பெட்டி வாங்கிவிட்டால் போயிற்று!" என்றேன் நான். சாவிக்கொத்தை இடுப்பில் செருகி வளர்ந்த தலைமுறை அல்லவா?

"அதுதான் இல்லை, அத்தை!" என்று சிரித்தாள் மருமகள். பக்கத்திலிருக்கும் இலங்கையில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்களாம். 180 கிராமங்களில் சுமார் 53,000 வீடுகளைச் சேர்த்து, பாதிக் கிராமங்களுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது; பெட்டியால் பலன் ஒன்றும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. பூட்டும் வீட்டிலே, சாவியும் வீட்டிலே! கோபம் வந்தவனுக்குச் சாவி இருக்குமிடம் தெரியாதா என்ன?

அதே இலங்கையில் பெரிய பலன் கொடுத்தது வேறொன்று. கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தது. 1995இல் உச்சியில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது வருஷத்தில் சுமார் 70 சதவிகிதம் இறங்கிவிட்டது. அதனால் தப்பிய உயிர்கள் 93,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விளைச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம் தேசத்திலும் 2018இல் மத்திய அரசாங்கம் 18 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய உத்தரவிட்டது.

இதிலிருந்து எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. சாக வேண்டும் என்கிற வேகம் பலருக்கு நிரந்தரமானது அல்ல. அது கடல் அலை மாதிரி எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கிவிடுகிறது. சிலருக்குச் சில நிமிஷம். சிலருக்குச் சில மணி நேரம். அந்தச் சமயத்தில் கைக்கும் விஷத்துக்கும் நடுவில் ஒரு நாழிகைத் தூரமும், வழியில் ஒரு மனித முகமும் இருந்துவிட்டால் அநேகம் உயிர்கள் தப்பிவிடுகின்றன. தப்பியவர்கள் "எப்படியும் மறுபடி செய்வார்கள்" என்று சொல்வது சரியல்ல. முயற்சி செய்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை என்று பல தேசத்து ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் ஒன்று: நாள்கணக்காக, மாசக்கணக்காக மனச்சோர்வு வியாதியில் வாடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தூரம் மட்டும் போதாது; வைத்தியமும் வேண்டும். அது குணமாகக்கூடிய வியாதிதான்.

இந்த ஒரு நாழிகையை உண்டாக்கிக் கொடுக்க அரசாங்கமும் சில காரியங்கள் செய்திருக்கிறது. பள்ளிக்கூடப் பரீட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால் ஒரு வருஷமே போயிற்று என்று குழந்தைகள் இடிந்துபோவார்கள். 'ஸ்நேகா' போன்றவர்கள் வற்புறுத்தியதன்பேரில், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் உடனடித் துணைத் தேர்வு வந்தது. தோற்ற பிள்ளை அதே வருஷம் எழுதித் தேறி, காலேஜில் சேர்ந்துவிடலாம். எத்தனை தாய்மாரின் வயிற்றில் பால் வார்த்த ஏற்பாடு!

சட்டமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்மேல் வழக்குப் போடுவார்கள். ஒரு வருஷம்வரை தண்டனை. உயிருக்குப் போராடுகிறவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரத்தில், 'போலீஸ் கேஸாகிவிடுமே' என்று வீட்டார் தயங்கி நிற்பார்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நியாயச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை; அரசு ஊழியரைத் தம் கடமையிலிருந்து தடுப்பதற்காக அப்படி முயல்வதற்கு மட்டும் தண்டனை வைத்திருக்கிறார்கள். ஆகவே தாய்மார்களே, பயந்து மறைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

2022 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தேசியத் தற்கொலைத் தடுப்பு வியூகம் என்று ஒன்றை வெளியிட்டது. நம் தேசத்தில் இப்படி ஒன்று வருவது அதுவே முதல் தடவை. 2030க்குள் தற்கொலை மரணங்களைப் பத்துச் சதவிகிதம் குறைக்க வேண்டும் என்பது லட்சியம். அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 10ஆம் தேதி, 'டெலி மானஸ்' என்ற டெலிபோன் சேவை ஆரம்பமாயிற்று. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தால் ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்பீர்களானால், ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2022ஆம் வருஷம் நம் தேசத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம்தான். தேசம் முழுவதிலும் அவ்வருஷம் இறந்த பெண்கள் 48,172 பேர். அவர்களில் 25,309 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கு மேல்! சமையலறையில், கொல்லைப்புறத்தில், "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டு நடமாடியவர்கள். அந்தக் கணக்கைப் படித்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உத்தியோகம் பார்க்கிற பெண் சோர்ந்திருந்தால் ஆபீஸில் நாலு பேராவது கவனிப்பார்கள். வீட்டிலிருக்கிறவள் சோர்ந்திருந்தால், "உனக்கென்ன குறை?" என்றுதானே கேட்கிறோம்?

எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நான் அண்ணியிடம் கற்றுக்கொண்டேன். அண்ணிக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர்கள் தெருவில் புதிதாக வாழ வந்த ஒரு பெண். கையில் மூன்று மாசக் குழந்தை. புருஷன் நிலத்தில் போட்ட பணம் வெள்ளத்தில் போய்க் கடன் வளர்ந்திருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் தன் நல்ல புடவைகள் இரண்டை எடுத்துவந்து, "அக்கா, நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இனிமே எதுக்கு?" என்றாளாம்.

மற்றவர்களாக இருந்தால், "நல்லதாய்ப் போச்சு" என்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். இல்லாவிட்டால், "அசட்டுப் பேச்சுப் பேசாதே" என்று அதட்டியிருப்பார்கள். அண்ணி அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, குழந்தையைத் தம் மடியில் வாங்கிக்கொண்டு, நேருக்கு நேர் கேட்டார்கள்:

"ஏம்மா, செத்துப்போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படி வெளிப்படையாகக் கேட்கலாமா அண்ணி? இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?" என்றேன்.

"கேக்கறதனாலே நினைப்பு வராதுடி. வந்த நினைப்பைச் சொல்ல ஓர் ஆள் கிடைச்சுதேன்னு பாரம் இறங்கும். உங்க அண்ணனை யாரும் கேக்கலே" என்றார்கள் அண்ணி. வைத்தியர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்று மருமகள் தலையை ஆட்டினாள்.

அந்தப் பெண் ஒரு மணி நேரம் அழுதாளாம். அண்ணி குறுக்கே புத்திமதி சொல்லவில்லை. கடைசியில், "உங்க வீட்டு மருந்து டப்பாவெல்லாம் எங்கே இருக்கு?" என்று விசாரித்து, புருஷனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, "அத்தனையும் எங்க வீட்டு வெளி அறையிலே கொண்டாந்து வை. நான் பூட்டி வைக்கிறேன். வேணுங்கறப்போ நீயே வந்து என்னைக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போ" என்றார்கள். அன்று சாயங்காலமே அவளை 14416க்குப் பேச வைத்தார்கள். மறுநாள் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மருமகளே கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற மனச்சோர்வு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். பொங்கலன்று அந்தப் பெண் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கடன் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் ஆள் இருக்கிறாள், குழந்தைக்கு அம்மா இருக்கிறாள்.

சகோதரிகளே! நாம் எல்லாரும் டாக்டராக வேண்டியதில்லை. யாராவது "நான் இருந்து என்ன பயன்?" என்று அடிக்கடி சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் போய், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கினால், ஆசையாய் வைத்திருந்த சாமான்களை எடுத்துக் கொடுத்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். ஆபத்து என்று பட்டால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, தேவைக்கு மேல் மாத்திரைகள் எதையும் வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். பிறகு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். கடலூரிலுள்ள அரசுத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மனநல வைத்தியம் உண்டு. இப்படி ஒருவரைப் பறிகொடுத்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், காரணம் கேட்காமல் போய், போனவருடைய பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த நினைப்பு இருக்குமானால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் போனில் சொல்லலாம். டெலி மானஸ் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னை 'ஸ்நேகா' 044-24640050. இந்த மூன்று எண்களையும் கத்தரித்து, எல்லார் கண்ணிலும் படும்படி காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.